டோக்கன் வந்தால் கொடுத்துவிடுவார்

எங்கள் தெருவில் என் அம்மாவின் வயது எல்லோருக்கும் தெரியும். அப்பாவைவிட அம்மா இரண்டு வயது மூத்தவள். கல்யாணத்தின்போது தரகருக்கும் வீட்டுப் பெரியவர்களுக்கும் மட்டும் தெரிந்து, அவர்களும் வெளியே விடாமல் வைத்திருந்த விஷயம் அது. அதைத் தெரு முழுக்கக் கேட்கும்படி உரக்கப் படித்தவர் மாடிவீட்டு சார். மழைக்காலத்துக்கு முன்னால், பத்திரமாக வைத்திருக்கச் சொல்லி நாங்கள் கொடுக்கும் காகிதங்களை அவர் அப்படித்தான் வாங்கிக்கொள்வார்.

அவருக்குப் பெயர் உண்டு. நான் எழுதப்போவதில்லை. அவருடைய பேரப்பிள்ளைகள் நல்ல பிள்ளைகள், அவர்கள் வருத்தப்படுவார்கள். அவர் வருத்தப்படுவதாக இருந்தால் நான் கொட்டை எழுத்தில் எழுதியிருப்பேன்.

ஆவடிப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர்ஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அந்த வேலை என்னவென்று அவரே ஆயிரம் முறை சொல்லியிருக்கிறார். ஒவ்வொரு தொழிலாளிக்கும் நம்பர் அடித்த பித்தளை டோக்கன் உண்டு. ஸ்பேனர் வேண்டுமென்றால் ஜன்னலில் டோக்கனை நீட்ட வேண்டும். இவர் டோக்கனை ஆணியில் மாட்டிவிட்டு ஸ்பேனரைக் கொடுப்பார். ஸ்பேனர் திரும்பி வந்தால் டோக்கன் திரும்பிப் போகும். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் நிற்பவனின் முகத்தைப் பார்க்க வேண்டிய தேவை வேலைக்காலம் முழுக்க அவருக்கு வரவில்லை. வேலையை விட்டு வரும்போது, கழித்துப்போட்ட பழைய டோக்கன்கள் ஒரு டப்பா நிறைய வீட்டுக்கு வந்துவிட்டன. எப்படி வந்தன என்று நாங்கள் கேட்டதில்லை.

கொரட்டூர் ஏரிக்குப் பக்கத்தில் எங்கள் தெரு கொஞ்சம் தாழ்வாக இருக்கும். ஏரி நிரம்பினால் முதலில் தெரிந்துகொள்வது எங்கள் வீட்டுச் சமையலறைதான். முதல் பெரிய வெள்ளத்தில் தெருவே கொடி கட்டிக் காகிதம் காயப்போட்டது. பத்தாவது மார்க் ஷீட், ரேஷன் கார்டு, எல்ஐசி பத்திரம், ஞானஸ்நான சர்டிபிகேட் எல்லாம் துணி கிளிப்பில் தொங்கின. பாதி மை கரைந்து போயிருந்தது. அப்போது தெருவில் மாடி வைத்த வீடு அவருடையது ஒன்றுதான். மறுவருஷம் வானிலைச் செய்தியில் காற்றழுத்தத் தாழ்வு என்ற வார்த்தை வந்த அன்றே அவர் மாடிப்படிக்கு மேலே ஒரு மேஜையைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். எல்லோரும் வீட்டுக் காகிதங்களைக் கட்டிக் கொண்டு வந்து கொடுக்கலாம், தன் இரும்பு பீரோவில் இருக்கும், ஆளுக்கொரு டோக்கன் தருகிறேன் என்றார். யோசனை நல்ல யோசனை, அதை நான் மறுக்கவில்லை. தெருவும் கையெடுத்துக் கும்பிட்டது.

கும்பிட்டவர்களை அவர் என்ன செய்தார் என்பதுதான் விஷயம். காகிதக் கட்டை அப்படியே வாங்கி உள்ளே வைக்க மாட்டார். சரக்கு வாங்கும்போது சரிபார்த்து வாங்க வேண்டுமாம். ஒவ்வொரு காகிதமாகப் பிரித்து, கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, வரிசையில் நிற்கிற அத்தனை பேர் காதிலும் விழும்படி படிப்பார்.

“ஆதார் நாலு. பேன் கார்டு ஒண்ணு. பேங்க் புக்கு ரெண்டு. இந்த ரெண்டாவது புக்கு உன் பேர்ல மட்டும் இருக்கே, உன் வீட்டுக்காரருக்குத் தெரியுமாம்மா?”

வீட்டுக்காரர் பின்னால் நின்றுகொண்டிருப்பார். அந்த வருஷம் எந்தப் பையன் எத்தனை பாடத்தில் தோற்றான், யார் வீட்டு நகை எந்தக் கடையில் அடகில் இருக்கிறது, யார் எந்தச் சாதிக்காரர், எந்த மருமகளுக்கு இது இரண்டாவது கல்யாணம் என்று மொத்தத் தெருவும் தெரிந்துகொண்டது. எங்கள் அப்பா அன்று வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்துவிட்டார். அம்மா வாசலுக்கு வர ஒரு வாரம் ஆனது.

ஏடிஎம் கார்டு கொடுத்தால் அதன் ரகசிய நம்பரையும் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிச் சேர்த்து வைக்கச் சொல்வார். “நாளைக்கு உனக்கு ஏதாவது ஆச்சுன்னா? நம்பர் இல்லாத கார்டு வெறும் பிளாஸ்டிக்தானே?” என்பார். பூட்டையும் சாவியையும் சேர்த்துக் கட்டிக் கொடுக்கச் சொல்கிறாரே என்று நான் அப்பாவிடம் கேட்டேன். பெரியவர் சொன்னால் காரணம் இருக்கும் என்றார் அப்பா. எங்கள் தெருவில் மாடி வைத்தவர் சொன்னதற்கெல்லாம் காரணம் இருந்தது.

நான் அப்போது அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவில் சேர்ந்திருந்தேன். எல்லாவற்றையும் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளலாம், பாஸ்வேர்டு போட்டுப் பூட்டலாம், ஒரு ஜெராக்ஸ் எடுத்து வெளியூர்ச் சொந்தக்காரர் வீட்டில் வைக்கலாம், அசலை ஜிப் வைத்த பிளாஸ்டிக் உறையில் போட்டு நம் கையிலேயே எடுத்துக்கொண்டு கிளம்பலாம் என்று வரிசையில் நின்றவர்களிடம் சொன்னேன். மேலே இருந்தபடியே அவர் கேட்டுவிட்டார்.

“ஜெராக்ஸ் எடுத்தா ஒண்ணு ரெண்டாகும். ரெண்டானா ஒண்ணு தப்பான கைக்குப் போகும். போன்ல வெச்சா உலகத்துக்கே தெரிஞ்சுடும். ஒரு சாமான், ஒரு இடம், ஒரு டோக்கன். அவ்வளவுதான்.”

சொல்லிவிட்டு, கையில் இருந்த யாரோ ஒருவரின் சம்பளச் சீட்டை விட்ட இடத்திலிருந்து உரக்கப் படிக்க ஆரம்பித்தார். உலகத்துக்குத் தெரியக் கூடாது என்று சொன்ன வாயால்தான் படித்தார். வரிசையில் ஒருவருக்காவது சிரிப்பு வர வேண்டுமே, வரவில்லை. எனக்கு மட்டும் பற்றிக்கொண்டு வந்தது.

டோக்கனை எங்கே வைக்க வேண்டும் என்பதற்கும் அவரிடம் சட்டம் இருந்தது. பீரோவில் பூட்டி வைத்தால் அவசரத்துக்குக் கிடைக்காதாம். வீடு வீடாகச் சுத்தியலோடு வந்து, நிலைப்படிக்கு உள்பக்கம் ஆணி அடித்துக் கொடுத்தார். டோக்கன் அதில்தான் தொங்க வேண்டும். தொழிற்சாலையில் அப்படித்தானாம். எங்கள் தெருவில் எந்த வீட்டுக்குள் எட்டிப் பார்த்தாலும் கதவோரம் ஒரு பித்தளை வட்டம் மின்னும். அவருடைய மனைவியின் நகைக்கும் ஒரு டோக்கன் உண்டு என்பார்கள். ஒரு முகூர்த்த நாளில் அந்த அம்மா சமையலறையில் டோக்கனைத் தேடிக்கொண்டிருந்ததையும், இவர் கூடத்தில் சட்டை போட்டுத் தயாராக உட்கார்ந்திருந்ததையும் நானே பார்த்தேன். தேடிக் கிடைத்த பிறகுதான் சங்கிலி வெளியே வந்தது.

எங்கள் டோக்கனை ஒரு தடவை அப்பா தொலைத்துவிட்டார். மழை நின்று, வெயிலும் வந்து, எல்லோரும் காகிதங்களைத் திருப்பி வாங்கிப் போனார்கள். அப்பா வெறுங்கையோடு போய் நின்றார். இரண்டு பேரும் இருபது வருஷமாகத் தினமும் காலையில் ஒன்றாக ஏரிக்கரையில் நடந்தவர்கள். அன்று காலையும் நடந்துவிட்டுத்தான் வந்திருந்தார்கள்.

“டோக்கன் இல்லைன்னா ஆள் யாருன்னு எனக்கு எப்படித் தெரியும்?” என்றார் சார்.

“இன்னா சார் இது, என்னைத் தெரியாதா உங்களுக்கு?”

“தெரியறது வேற, ஸ்டோர்ஸ் வேற. ஏதாவது அடையாள அட்டை கொண்டுவாங்க.”

அடையாள அட்டை எல்லாம் அந்தக் கட்டுக்குள்ளேதான் இருந்தது. அதை அப்பா சொன்னார். சார் நிதானமாக யோசித்து, அப்படியானால் டோக்கன் கிடைக்கும்வரை காத்திருக்க வேண்டியதுதான் என்றார். அடுத்த தீபாவளிக்கு வீடு பெருக்கும்போது அலமாரிக்கு அடியில் டோக்கன் கிடைத்தது. அதுவரை எங்கள் குடும்பம் அரசாங்கத்தின் கண்ணுக்கு இல்லாத குடும்பமாக இருந்தது. அப்பா அதைக்கூடப் பெருமையாகத்தான் சொல்லித் திரிந்தார். “பார்த்தியா, எனக்கே தரலை. அவ்வளவு ஸ்ட்ரிக்ட்.” இப்படிப்பட்டவர்கள் இருக்கும்வரை அப்படிப்பட்டவர்கள் இருக்கத்தான் செய்வார்கள்.

ஸ்டெல்லா அக்கா எங்களுக்கு எதிர்வீடு. தையல் மிஷின் வைத்திருந்தாள். அவளுடைய வீட்டுக்காரர் தகடு அடிக்கும் பிரஸ் ஷாப்பில் வேலை பார்த்தவர், மாரடைப்பில் போய்விட்டார். ஒரு பெண் குழந்தை. அந்த வீடு இறந்துபோன மாமனார் பெயரில் இருந்தது. மாமனாருக்கு இரண்டு மகன்கள். மூத்தவர் பூந்தமல்லியில் இருந்தார், மனை வாங்கி விற்கும் தரகர். அவர் தன் பங்குக்கு உண்டான பணத்தைத் தம்பியிடம் எப்போதோ வாங்கிக்கொண்டு, இனி அந்த வீட்டில் தனக்கு எந்தப் பாத்தியதையும் இல்லை என்று பத்திரத்தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தார். மாதா கோயில் பெரியவர்கள் இரண்டு பேர் சாட்சி. அண்ணன் தம்பிக்குள் எதற்கு ரிஜிஸ்தர் என்று விட்டுவிட்டார்கள். தம்பி செத்த மறுமாதமே அண்ணனுக்கு வீட்டின் ஞாபகம் வந்துவிட்டது. ஸ்டெல்லா அக்காவுக்கும் அந்தக் குழந்தைக்கும் தலைக்குமேல் கூரை இருந்ததென்றால் அந்த ஒரு தாளால்தான்.

அந்த வருஷ மழைக்கு முன்னால் அந்தத் தாளையும் அவள் மாடிக்குக் கொண்டுபோனாள். நான் வழியிலேயே பிடித்து, “அக்கா, ஒரு நிமிஷம் காட்டுங்க, போன்ல எடுத்துடறேன்” என்றேன்.

“வோணாம்மா. சார் திட்டுவாரு. ரெண்டாவது காப்பி இருந்தா அது யார் கைக்காவது போய்டும்ன்றாரு. அந்த ஆளு கைக்குப் போச்சுன்னா நான் இன்னா பண்ணுவேன்?”

சார் தாளைப் பிரித்தார். அண்ணன் பெயர், தம்பி பெயர், வாங்கிய தொகை, சாட்சிகளின் பெயர் எல்லாவற்றையும் படித்தார். கடைசியில் ஒரு அபிப்பிராயமும் சொன்னார். “ரிஜிஸ்தர் ஆகலையேம்மா. அப்போ இந்தத் தாள் போச்சுன்னா எல்லாம் போச்சு. ஜாக்கிரதையா இருக்கணும்.” வரிசையில் நின்றவர்களில் ஒருவருக்குப் பூந்தமல்லிக்காரரோடு மனை வியாபாரத்தில் பழக்கம் இருந்தது. அந்தத் தகவல் அன்று சாயங்காலமே அங்கே போய்ச் சேர்ந்துவிட்டதாகப் பிறகு தெரிந்தது. தாள் எங்கே இருக்கிறது, வேறு பிரதி உண்டா, அதை எடுக்க என்ன வேண்டும், அது எந்த ஆணியில் தொங்கும் என்று எதையும் அந்த ஆள் அலைந்து விசாரிக்க வேண்டியிருக்கவில்லை.

அந்த வருஷம் புயல் நிஜமாகவே வந்தது. தண்ணீர் இடுப்பளவு ஏறியது. நாங்கள் எல்லோரும் கோயில் ஹாலுக்குப் போனோம். மாடியில் நாலு குடும்பமாவது தங்கியிருக்கலாம். ஆனால் காகிதங்கள் இருக்கிற இடத்தில் கூட்டம் கூடாது என்று சார் படிக்கட்டு கேட்டைப் பூட்டிவிட்டார். எங்கள் காகிதங்கள் காய்ந்து கிடந்தன, நாங்கள் நனைந்து நின்றோம்.

மழை விட்டு, தண்ணீர் முழங்காலுக்கு இறங்கியபோது, நிவாரணத்துக்குப் பெயர் எழுதுகிறார்கள், ரேஷன் கார்டு வேண்டும் என்றார்கள். நான் எங்கள் டோக்கனோடு போனேன். எனக்கு முன்னால் மேஜையருகே லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒருவர் நின்றிருந்தார். காலையில் தெருக்காரர்களுக்கு ரொட்டியும் பால் பாக்கெட்டும் கொண்டுவந்து கொடுத்தவர் அவர்தான். நல்ல மனசு என்று அம்மாகூடச் சொன்னாள். திரும்பியபோதுதான் முகத்தைச் சரியாகப் பார்த்தேன். ஸ்டெல்லா அக்காவின் வீட்டுக்காரருடைய அண்ணன். கையில் அவள் வீட்டு டோக்கன்.

“எங்க ஸ்டெல்லா ஊட்டு டோக்கன் சார். அது ஹால்ல கீது. கொயந்தைக்கு ஜொரம். என்னாண்ட வாங்கிகினு வரச் சொல்லிச்சு” என்றார்.

குழந்தைக்குக் காய்ச்சல் இல்லை. சற்று முன்புதான் ஹாலில் ஓடிப் பிடித்து விளையாடிக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு வந்தேன்.

“சார், கொடுக்காதீங்க. இவர் யாருன்னு உங்களுக்குத் தெரியும். அந்தப் பத்திரத்துல கையெழுத்துப் போட்டவரே இவருதான்.”

“தெரியும்மா. நான்தானே படிச்சேன்.”

“தெரிஞ்சுமா கொடுக்கறீங்க?”

அவர் டோக்கனை வெளிச்சத்தில் திருப்பி, நம்பரைப் பார்த்தார். “டோக்கன் சரியா இருக்கே.”

“நான் ஓடிப்போய் ஸ்டெல்லா அக்காவைக் கூட்டிட்டு வந்துடறேன் சார். கொஞ்ச நேரம் இருங்க.”

“ஸ்டோர்ஸ்ல ஒருத்தருக்காக இன்னொருத்தரைக் காக்க வைக்கிற பழக்கம் கிடையாதும்மா.”

பீரோவைத் திறந்து கட்டை எடுத்துவந்தார். கொடுக்கும்போதும் சரிபார்த்துக் கொடுக்க வேண்டுமே. ஒவ்வொன்றாகப் படித்தார். ஆதார், பேங்க் புக்கு, குழந்தையின் பிறப்புச் சான்றிதழ், பத்திரத்தாள் ஒண்ணு. அந்த ஆள் ஒவ்வொன்றுக்கும் பவ்யமாகத் தலையாட்டினார். என்னால் தாங்க முடியவில்லை. கட்டின்மேல் கையை வைத்து அழுத்திக்கொண்டேன். சார் என் மணிக்கட்டைப் பிடித்து விலக்கினார்.

“கையை எடும்மா. அடுத்தவங்க பொருள் மேல கை வைக்கக் கூடாது.”

வாழ்க்கையில் எத்தனையோ அயோக்கியர்களைப் பார்த்துவிட்டேன். அந்த அண்ணன் ஓர் அயோக்கியர். அவரை எனக்குப் புரிகிறது, அவருக்கு வீடு வேண்டும். ஆனால் இந்த மனிதருக்கு எதுவுமே வேண்டியிருக்கவில்லை. ஒரு காசு வாங்கவில்லை. ஒரு விதவையின் கூரையைப் பிரித்து எதிராளி கையில் கொடுக்கும்போது அவர் முகத்தில் ஒரு வேலையை ஒழுங்காகச் செய்து முடித்த திருப்திதான் இருந்தது.

நான் தண்ணீரில் விழுந்து எழுந்து ஹாலுக்கு ஓடினேன். ஸ்டெல்லா அக்கா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வந்தாள். அதற்குள் அந்த ஆள் போய்விட்டார். அவள் படியேறி மூச்சு வாங்க நின்றாள். சார் அவளைப் பார்த்து, வழக்கமான குரலில், “டோக்கன்?” என்றார்.

“நீங்க அடிச்ச ஆணியிலதான் சார் மாட்டியிருந்தேன்.”

“அப்ப யாரோ எடுத்துட்டாங்க. ஆணிக்கு நான் பொறுப்பில்லம்மா.”

மற்ற காகிதங்களை அந்த அண்ணன் மறுநாளே யாரிடமோ கொடுத்து அனுப்பிவிட்டார். பத்திரத்தாள் மட்டும் இல்லை. அப்படி ஒரு தாளே கிடையாது, நான் எதிலும் கையெழுத்துப் போட்டதில்லை என்றார். சாட்சிகளில் ஒருவர் இறந்துபோயிருந்தார். இன்னொருவர் மகனோடு வெளியூர் போய்விட்டார், போனில் கேட்டதற்கு ஞாபகம் இல்லையப்பா என்றார். சரி, தாளைப் படித்தவர் இருக்கிறாரே என்று ஸ்டெல்லா அக்காவும் நானும் மாடிக்குப் போனோம். பங்கு பேசுகிற பெரியவர்கள் முன்னால் வந்து, இப்படி ஒரு தாள் இருந்தது, நான் படித்தேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்று கேட்டோம். அவள் அழவில்லை. கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

“அது மட்டும் முடியாதும்மா” என்றார் சார். “என்கிட்ட வெச்ச சாமான்ல என்ன இருந்துச்சுன்னு நான் வெளியில பேச மாட்டேன். அடுத்தவங்க விஷயத்தை வெளியில சொல்றது தப்பு.”

அன்று நான் என்னென்ன சொன்னேன் என்று எனக்கு ஞாபகம் இல்லை. பெரியவரிடம் அப்படிப் பேசலாமா என்று அப்பா என்னைக் கண்டித்தது மட்டும் ஞாபகம் இருக்கிறது. வரிசையில் நின்று கேட்ட தெருக்காரர்களோ, சார் படித்ததைக் கேட்டோம், தாளை நாங்கள் கண்ணால் பார்க்கவில்லையே என்றார்கள். என் அம்மாவின் வயதை மட்டும் கண்ணால் பார்த்தது மாதிரி பேசியவர்கள்தான் அவர்கள்.

வீட்டின் நடுவில் சுவர் எழும்பியது. ரோட்டைப் பார்த்த பாதி அண்ணனுக்கு. அவர் அதைத் தண்ணீர் கேன் கடைக்கு வாடகைக்கு விட்டார். பின்பாதியில், சமையலறையாக இருந்த இடத்தில் ஸ்டெல்லா அக்காவும் பெண்ணும் தையல் மிஷினும். பக்கத்துச் சந்தில் ஒடுங்கி நடந்துதான் உள்ளே போக வேண்டும். துணி கொடுக்க வருகிறவர்கள் குறைந்துபோனார்கள்.

அடுத்த வருஷம் நாங்கள் முகப்பேருக்குக் குடிபோவதற்கு ஏற்பாடு செய்துகொண்டிருந்தோம். மழை முந்திக்கொண்டது. டிவியில் காற்றழுத்தத் தாழ்வு என்றார்கள். மாடியில் மேஜை வந்துவிட்டது. இதற்கப்புறம் ஒரு நாய்கூட அந்தப் படியேறாது என்று நினைத்துக்கொண்டு ஆபீஸிலிருந்து வந்தால், தெரு பாதி தூரத்துக்கு வரிசை. கையில் கட்டுகளோடு அதே மனிதர்கள். சார் மேலிருந்து ஒவ்வொரு வீடாகப் பார்த்து, யார் இன்னும் வரவில்லை என்று கணக்கெடுத்துக்கொண்டிருந்தார்.

ஸ்டெல்லா அக்கா தைத்த துணியைக் கொடுத்துவிட்டுச் சந்து வாசலுக்கு வந்து கொண்டிருந்தாள்.

“ஸ்டெல்லாம்மா, எல்லாரும் வந்துட்டாங்க. உன்னுது இன்னும் வரலையே?” என்று கூப்பிட்டார்.

அவள் நின்று நிமிர்ந்து பார்த்தாள். “என்னுதத்தான் நீங்க குடுத்துட்டீங்களே சார்.”

இப்போதாவது அந்த மனிதர் தலையைக் குனிவார் என்று நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். ஞாபகம் வந்தவராக ஆமோதித்துத் தலையாட்டினார்.

“ஆமாம்மா. டோக்கன் வந்துச்சு, குடுத்துட்டேன்” என்றார். பிறகு, “அடுத்தது யாரு?” என்று கையை நீட்டினார்.

முந்தானையில் சுற்றிய கட்டோடு என் அம்மா ஒரு படி மேலே ஏறினாள்.